எச்5பி, லூமி, ஏஐ: தமிழில் ஊடாடும் பாடம் செய்ய எது கைகொடுக்கிறது, எது காலை வாருகிறது

நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்கும் வீடியோ, பதிலுக்கு ஏற்பப் பாதை மாறும் கதை, சொல்லை இழுத்துப் பொருத்தும் பயிற்சி. இவற்றைத் தமிழில் செய்ய நினைக்கும் ஆசிரியருக்கோ பயிற்சியாளருக்கோ முதலில் பரிந்துரைக்க வேண்டிய கருவி எச்5பிதான். காசு கேட்பதில்லை, கட்டற்ற மென்பொருள், தமிழ் யூனிகோடைத் தடையில்லாமல் காட்டுகிறது. ஆனால் தமிழ் எழுத்தின் இயல்பு தெரியாதவர்கள் எழுதிய நிரல் அது. அதன் சில வசதிகள் தமிழில் தப்பான விடைக்கு மதிப்பெண் போடும், சரியான விடையைத் தப்பு என்று சொல்லும். ஏஐ எழுதித் தந்த கேள்விகளை அப்படியே அதில் ஒட்டினால் இந்தக் கோளாறு இரட்டிப்பாகிறது. எனவே கருவியைப் பாராட்டும்போதே அந்தக் குழிகளையும் இடம் குறித்துச் சொல்லியாக வேண்டும்.

எச்5பி 2013-இல் நார்வேயின் டிரோம்ஸோ நகரில், ஜூபெல் என்ற நிறுவனத்தில் தொடங்கியது. 2024-இல் கனடாவின் டி2எல் நிறுவனம் அதை வாங்கியது. எச்5பி.காம் என்பது கட்டணச் சேவை. இணையவழிக் கற்றல் தளமான மூடுலிலும் வேர்ட்பிரஸ், ட்ரூபல் தளங்களிலும் சேர்த்துக்கொள்ளும் நிரல் இலவசம். மூடுல் 3.9 முதல் எச்5பி செயல்பாடு மூடுலுடனேயே வந்துவிடுகிறது. சொந்தமாகத் தளம் இல்லாதவருக்கு லூமி இருக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும் இலவச டெஸ்க்டாப் எடிட்டர். கணினியில் இருந்தபடியே பாடத்தைச் செய்து, எச்5பி கோப்பாகவோ, கற்றல் தளங்கள் பொதுவாக ஏற்கும் ஸ்கார்ம் பொதியாகவோ, ஒற்றை எச்டிஎம்எல் கோப்பாகவோ எடுக்கலாம்.

ஆர்ட்டிகுலேட் ஸ்டோரிலைன் என்ற கட்டண மென்பொருளோடு ஒப்பிட்டால் எது மேல் என்று பலர் கேட்பார்கள். ஸ்டோரிலைன் விண்டோஸில் மட்டும் ஓடும், ஒருவருக்கான ஆண்டுச் சந்தா ஆயிரம் டாலருக்கு மேல். மென்பொருள் திரையை அப்படியே போலச் செய்து பழக்கும் பாடம், மாறிகளும் டிரிக்கர்களும் வைத்து நுணுக்கமாக நகரும் பாடம் என்றால் ஸ்டோரிலைனுக்கு ஈடு எச்5பி இல்லை. பள்ளி, கல்லூரி, தொண்டு நிறுவனம், சுகாதாரப் பயிற்சி போன்ற இடங்களுக்கு அந்தச் செலவு தேவையே இல்லை.

எந்த வகையை எடுப்பது, எதை விடுவது

எச்5பியில் ஐம்பதை ஒட்டிய வகைகள் இருக்கின்றன. பட்டியலைப் பார்த்து மயங்க வேண்டாம். இன்டராக்டிவ் வீடியோ (நடுவில் கேள்வி கேட்கும் வீடியோ), பிராஞ்சிங் சினாரியோ (கிளைக்கதை), இன்டராக்டிவ் புக் (பல பயிற்சிகளை அடுக்கிய பாடநூல்), சிங்கிள் சாய்ஸ் செட் (ஒரு விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள்), டிராக் த வேர்ட்ஸ் (சொல்லை இழுத்துப் பொருத்துவது) ஆகிய ஐந்தும் கைவந்தால் ஒரு முழுப் பாடத்தைச் செய்துவிடலாம்.

கோர்ஸ் பிரசென்டேஷனைத் தவிர்ப்பது நல்லது. பவர்பாயின்ட் போல இருப்பதால் எல்லோரும் முதலில் அதற்குத்தான் போகிறார்கள். அது ஸ்லைடை முழுதாகச் சுருக்கிக் காட்டும். போனில் பார்ப்பவருக்கு எழுத்து எறும்பு அளவுக்கு வந்துவிடும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, அகலமும் அதிகம். போதாக்குறைக்கு எச்5பி தமிழ் எழுத்துரு எதையும் தன்னோடு கொண்டுவருவதில்லை. பார்ப்பவரின் கருவியில் உள்ள எழுத்துருவையே எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் நிர்மலா எழுத்துருவில் அளவெடுத்த பெட்டி, ஆண்ட்ராய்டில் நோட்டோ எழுத்துருவில் வழிந்து அடுத்த பெட்டியின் மேல் ஏறும். இன்டராக்டிவ் புக் திரையின் அகலத்துக்கு ஏற்ப வரியை மடக்குகிறது, ஆகவே இந்தத் தொல்லை அதில் இல்லை.

கிராஸ்வேர்டையும் (குறுக்கெழுத்து) ஃபைன்ட் த வேர்ட்ஸையும் (சொல் தேடல்) தமிழில் தொடவே வேண்டாம். இரண்டும் சொல்லை யூனிகோடு குறிகளாக வெட்டிக் கட்டத்தில் போடுகின்றன. ‘கிளி’ என்பது நமக்கு இரண்டு எழுத்து. கணினிக்கு க, இகரக் குறி, ள, இகரக் குறி என நான்கு குறி. இகரக் குறி தனிக் கட்டத்தில் தொங்கும்.

ஒரு மாதிரிப் பாடம்

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஒரு பாடத்தை வைத்துக்கொள்வோம். கிராமத்தில் வீடு வீடாகச் செல்லும் சுகாதாரத் தன்னார்வலர்களுக்கு, வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசல் பற்றிய 15 நிமிடப் பாடம். ஐந்து நிமிட வீடியோ, ஒரு கிளைக்கதை, ஒரு சொல் பொருத்தும் பயிற்சி, கடைசியில் பத்துக் கேள்வி.

வீடியோவை எச்.264 முறையில் எம்பி4 ஆக ஏற்றுவது நல்லது. யூடியூப் இணைப்பும் வேலை செய்யும், ஆனால் இணையம் இல்லாத இடத்தில் அந்தப் பாடம் வெறும் கறுப்புப் பெட்டி. இரண்டு நிமிடத்துக்கு ஒரு கேள்வி போதும். ஒவ்வொரு கேள்வியிலும் ‘பாஸ் வீடியோ’ (வீடியோவை நிறுத்து) பெட்டியில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். டிக் இல்லாவிட்டால் கேள்வி வந்த சுவடே தெரியாமல் வீடியோ ஓடிவிடும். அடாப்டிவிட்டி என்ற பகுதியில், தவறாகச் சொன்னால் வீடியோ எந்த நொடிக்குத் திரும்ப வேண்டும் என்று குறிக்கலாம். இந்தக் கருவியின் ஆகச் சிறந்த வசதி இதுதான். பாக்கெட்டின் பின்பக்கத்தைக் காட்டிய காட்சிக்கே ஆளைத் திருப்பி அனுப்பினால், ‘தவறு, மீண்டும் முயலவும்’ என்ற வெற்று வரியைவிடப் பத்து மடங்கு பயன். முழு மதிப்பெண் வாங்கினால்தான் மேலே போகலாம் என்ற விருப்பத்தை இயக்கினால், வீடியோவை முன்னே தள்ளுவதைத் தடுக்கும் விருப்பத்தையும் கூடவே இயக்குங்கள். ரீட்ரை பொத்தானை மட்டும் எடுத்துவிடாதீர்கள். எடுத்தால் ஒருமுறை தவறியவர் அங்கேயே சிக்கிக்கொள்வார்.

வீடியோவின் முடிவில் ஒரு சப்மிட் ஸ்கிரீன் வைத்தே ஆக வேண்டும். கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு அதை அழுத்தாமல் உலாவியை மூடினால் மதிப்பெண் தளத்துக்குப் போய்ச் சேராது. ‘எல்லாம் செய்தேன், சுழியம் காட்டுகிறது’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். தேவையில்லாத சம்மரி டாஸ்க் பகுதியையும் காலியாக்கிவிடுங்கள்.

கிளைக்கதையில்தான் பாடம் உயிர் பெறுகிறது. ஒரு தாய் கையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டோடு நிற்கிறார். எவ்வளவு தண்ணீரில் கலக்கச் சொல்வீர்கள்? மூன்று வழி: ஒரு லிட்டர், ஒரு டம்ளர், பாக்கெட்டைத் திருப்பி அளவைப் படிப்பது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வாய்பாட்டில் 20.5 கிராம் உப்புக்கலவை 1 லிட்டர் தண்ணீருக்கு. நம் ஊர் மருந்துக் கடைகளில் 200 மில்லிக்கான சிறு பாக்கெட்டும் கிடைக்கிறது. சிறியதை ஒரு லிட்டரில் கரைத்தால் வெறும் தண்ணீர் கொடுத்த மாதிரி. பெரியதை 200 மில்லியில் கரைத்தால் உப்பு ஏறிக் குழந்தைக்கு ஆபத்து. ஆகவே ‘திருப்பிப் படி’ என்பதே சரியான வழி. அடுத்த கிளை, இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு ஒவ்வொரு முறை வயிற்றுப்போக்குக்குப் பிறகும் 50 முதல் 100 மில்லி. அதற்கடுத்தது, கலக்கிய கரைசலை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

ஒவ்வொரு முடிவிலும் மூன்று வழி, மூன்று படி என்று போனால் 27 முடிவுகள் வந்து நிற்கும். அத்தனையையும் எழுதி முடிக்க யாராலும் ஆகாது. தவறான வழிகளை ஒரு விளைவுக் காட்சியோடு நிறுத்தி, மையப் பாதைக்கே திருப்பிவிடுங்கள். வேறு கிளைக்குத் தாவும் வசதி எடிட்டரில் இருக்கிறது. மதிப்பெண்ணை எப்படிக் கணக்கிடுவது என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு முடிவுக் காட்சிக்கும் இத்தனை என்று நிலையாகக் கொடுக்கலாம், பதில்களிலிருந்து கூட்டச் சொல்லலாம், மதிப்பெண்ணே வேண்டாம் என்றும் விடலாம். கிளைக்கதைக்கு முதல் முறைதான் பொருத்தம். கிளைகளை எடிட்டரில் வரைவதற்கு முன் தாளில் எண் போட்டு எழுதிக்கொண்டால் பாதி நேரம் மிச்சம்.

ஏஐயிடம் எதைக் கேட்பது

சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் எதுவானாலும் முறை ஒன்றே. முதலில் உங்கள் பாடக்குறிப்பை முழுதாகக் கொடுத்து, அதற்கு வெளியே எதையும் சேர்க்கக் கூடாது என்று சொல்லுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே, குறிப்பில் எந்த வாக்கியத்திலிருந்து எடுத்தது என்று எழுதச் சொல்லுங்கள். சரிபார்க்கும் வேலை அதனால் பெரிதும் குறையும். ஒரே தடவையில் ஐம்பது கேள்வி கேட்காதீர்கள். தமிழ் எழுத்துக்கு இந்த ஏஐ கருவிகள் ஆங்கிலத்தைவிட அதிக டோக்கன்களை, அதாவது உரையை வெட்டி எண்ணும் துண்டுகளை, செலவழிக்கின்றன. நீண்ட பதில் பாதியில் அறுந்துபோகும், அல்லது கடைசிக் கேள்விகள் முதலில் வந்தவற்றையே சொல் மாற்றித் திருப்பிச் சொல்லும். பத்துப் பத்தாகக் கேளுங்கள்.

சிங்கிள் சாய்ஸ் செட்டில் ‘டெக்ஸ்சுவல்’ என்ற தாவல் இருக்கிறது. அதில் கேள்வி ஒரு வரி, அடுத்தடுத்த வரிகளில் விடைகள், கேள்விகளுக்கு இடையில் ஒரு வெற்று வரி. இந்த வடிவில் பத்துக் கேள்வியையும் ஒரே மூச்சில் ஒட்டிவிடலாம். இதில் ஒரு விதி உண்டு: முதலில் வரும் விடையைத்தான் எச்5பி சரியானதாக எடுத்துக்கொள்ளும். காட்டும்போது அதுவே இடம் மாற்றிக் கலைத்துக்கொள்ளும். இதைச் சொல்லாவிட்டால் ஏஐ தன் பழக்கப்படி சரியான விடையை இரண்டாவதிலோ மூன்றாவதிலோ வைக்கும். பத்தில் ஏழெட்டுக் கேள்வி தலைகீழாகிவிடும், பார்வைக்கு ஒன்றும் தெரியாது.

கோடிட்ட இடத்துக்கு எச்5பி நட்சத்திரக் குறியைப் பயன்படுத்துகிறது. விடையை இரண்டு நட்சத்திரங்களுக்கு இடையில் எழுத வேண்டும், மாற்று விடைக்குச் சாய்கோடு, குறிப்புக்கு முக்காற்புள்ளி. ஏஐ உரையாடல் சாளரமோ அதே நட்சத்திரத்தைச் சாய்வெழுத்துக்கான குறியாக எடுத்து விழுங்கிவிடும். நகலெடுத்து ஒட்டினால் கோடிட்ட இடம் ஒன்றுகூட இருக்காது. பதிலை ‘கோட் பிளாக்’குக்குள் தரச் சொன்னால் நட்சத்திரங்கள் பத்திரமாக வந்து சேரும். இன்னொன்று, விடைக்குள்ளேயே சாய்கோடோ முக்காற்புள்ளியோ இருந்தால் வினை. ‘1/2’ என்ற விடை, ‘1’ அல்லது ‘2’ என்று பிளந்துபோகும். ‘10:30’ என்றால் 10 விடை, 30 குறிப்பு. இப்படிப்பட்டவற்றைக் கோடிட்ட இடத்துக்கு வெளியே வைத்து வாக்கியத்தை மாற்றி எழுதுங்கள்.

ஏஐ எழுதும் விடைகளில் சரியானது மட்டும் மற்றவற்றைவிட நீளமாக இருக்கும். கேள்வியைப் படிக்காமலே நீளத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். எல்லா விடையும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். தவறான விடைகளைக் களத்திலிருந்து நீங்களே கொடுப்பது இன்னும் நல்லது. ‘சர்க்கரைத் தண்ணீர் போதும்’, ‘வயிற்றுப்போக்கு நிற்கும்வரை தாய்ப்பால் வேண்டாம்’ போன்றவை மக்கள் உண்மையிலேயே நம்பும் தவறுகள். ஏஐ தானாகக் கற்பனை செய்யும் தவறான விடைகள் யாரும் தேர்ந்தெடுக்காத அளவுக்கு அசட்டுத்தனமாக இருக்கும்.

அளவுகளை ஏஐயிடம் ஒருபோதும் நம்பி விடக் கூடாது. பாக்கெட்டைப் பார்க்காமல் ‘ஒரு லிட்டர்’ என்று எழுதுவது அதற்கு இயல்பு. வீட்டில் கலக்கும் கரைசலுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் தட்டையாக ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இந்த இரண்டும் ஒருமுறை இடம் மாறினால் போதும், பாடம் நஞ்சாகிவிடும். எண் வரும் ஒவ்வொரு வரியையும் மனிதக் கண் ஒன்று மூலத்தோடு ஒப்பிட்டே தீர வேண்டும்.

எழுத்தை வாசிக்கும் குரலுக்கு மைக்ரோசாஃப்ட் அஷூர் நன்றாகவே இருக்கிறது. இந்தியத் தமிழுக்குப் பல்லவி, வள்ளுவர், இலங்கைத் தமிழுக்குச் சரண்யா, குமார் என்று தனித்தனிக் குரல்கள் உண்டு. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வேறு குரல்கள். யாழ்ப்பாணத்துப் பாடத்துக்குச் சென்னைக் குரலைப் போட வேண்டியதில்லை. ‘மி.லி.’, ‘கி.’ போன்ற சுருக்கங்களை விரித்து எழுதிக் கொடுங்கள், இல்லையென்றால் வாசிப்பு திக்கும்.

தமிழ் விடையைத் திருத்தும்போது நடப்பது

இந்த மதிப்புரையில் ஒன்றை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். ஃபில் இன் த பிளாங்க்ஸ் வகையில், சிறு எழுத்துப் பிழையை ஏற்றுக்கொள்ளும் விருப்பம் ஒன்று இருக்கிறது. சின்னச் சொல்லில் ஒரு பிழை, ஒன்பது குறிக்கு மேல் நீண்ட சொல்லில் இரண்டு பிழை வரை சரி என்று விட்டுவிடும். ஆங்கிலத்துக்கு இது கருணை. தமிழில் ‘புலி’ என்பதற்குப் ‘புளி’ என்று எழுதினால் ஒரே ஒரு குறிதான் வேறு, முழு மதிப்பெண். ‘மனம்’ கேட்ட இடத்தில் ‘மணம்’ என்றாலும் அப்படித்தான். நமக்கு ஏழு எழுத்தான ‘மருத்துவமனை’ கணினிக்குப் பதினொரு குறி, எனவே அதில் இரண்டு பிழை செய்யலாம். லகர ளகர ழகரமும் னகர ணகரமும் கற்பிக்கும் மொழிப் பாடத்தில் இந்த விருப்பம் பாடத்தின் நோக்கத்தையே அழித்துவிடும். அணைத்து வையுங்கள்.

அணைத்தால் எதிர்ப்பக்கக் குழி திறக்கிறது. ‘கௌரவம்’ என்பதைப் பலர் ஒற்றைக்கொம்பு, க, ள என்று மூன்றாகத் தட்டுகிறார்கள். திரையில் வேறுபாடு தெரியாது, கணினிக்கு அது வேறு சொல். ‘கொ’, ‘கோ’ போன்றவற்றையும் யூனிகோடில் இரண்டு விதமாகக் குறிக்க முடியும். ககரத்தோடு ஒரே குறியாக ஒகர உயிர்க்குறி வரலாம், அல்லது எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக வரலாம். பழைய எழுத்துருக் கோப்புகளை மாற்றியில் போட்டு எடுத்த பாடங்களில் இந்த இரண்டாவது வடிவம் ஒளிந்திருக்கக்கூடும். விடையை அப்படி ஒட்டினால், சரியாக எழுதிய மாணவர் தோற்பார். ஆகவே விடைச் சொற்களை மட்டுமாவது விசைப்பலகையில் புதிதாகத் தட்டுங்கள். ‘கௌ’ வரும் சொற்களுக்குச் சாய்கோட்டுக்குப் பின் அந்தத் தப்பு வடிவத்தையும் சேருங்கள்.

அடுத்தது வேற்றுமை உருபும் சந்தியும். ‘குழந்தைக்கு ____ கொடுக்கவும்’ என்று விட்டு, விடை ‘கரைசலை’ என்றால் ‘கரைசல்’ என்று எழுதியவர் தப்பு. ‘தண்ணீரை’, ‘தண்ணீரைக்’ இரண்டில் எது? ஒற்று போட்டவரும் போடாதவரும் உள்ளடக்கத்தை அறிந்தவர்களே. எழுவாயாக நிற்கும் பெயர்ச்சொல், எண், அல்லது உருபில்லாத சொல் விடையாக வருமாறு வாக்கியத்தைத் திருப்பி எழுதுங்கள். முடியாவிட்டால் டிராக் த வேர்ட்ஸுக்கு மாறுங்கள். அங்கே சொல் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும், தட்டச்சுத் தொல்லை இல்லை. அங்கும் ‘தண்ணீரைக்’ என்று ஒற்றோடு நிற்கும் சொல், தான் ககரத்துக்கு முன்னால் வரும் என்று காட்டிக்கொடுத்துவிடும். அந்த ஒற்றைக் கவனித்து எடுங்கள்.

பொத்தான்களில் வரும் செக், ரீட்ரை, ஷோ சொல்யூஷன் ஆகியவற்றை ஒவ்வொரு பயிற்சியிலும் அடியில் உள்ள மொழிபெயர்ப்புப் பகுதியில் தமிழாக்க வேண்டியிருக்கிறது. இன்டராக்டிவ் புக்குக்குள் இருபது பயிற்சி என்றால் இருபது முறை. இது உண்மையிலேயே அலுப்பான குறை. ஒரு பயிற்சியில் எல்லாவற்றையும் ‘சரிபார்’, ‘மீண்டும் செய்’, ‘விடையைக் காட்டு’ என்று மாற்றிவிட்டு, அதையே நகலெடுத்து அடுத்ததைச் செய்யத் தொடங்குவதே வழி.

தளத்தில் ஏற்றும்போது

மூடுலில் எச்5பியை இரண்டு இடத்தில் வைக்கலாம். செயல்பாடாகச் சேர்த்தால் முயற்சிகளும் மதிப்பெண்ணும் பதிவாகும். ஒரு பக்கத்தின் நடுவில் எடிட்டர் பொத்தான் வழியாகப் பதித்தால் அழகாகத் தெரியும், மதிப்பெண் எங்கும் பதிவாகாது. பயிற்சிக்கு இரண்டாவது, தேர்வுக்கு முதலாவது.

லூமியில் செய்த கோப்பை ஏற்றும்போது, தேவையான நூலகம் (அந்தப் பயிற்சி வகையை இயக்கும் நிரல் தொகுப்பு) இல்லை என்ற பிழைச் செய்தி வந்தால் கோப்பில் கோளாறு இல்லை. லூமி அந்த வகையின் புதிய பதிப்பை வைத்திருக்கிறது, தளம் பழையதை வைத்திருக்கிறது. ஆசிரியர் கணக்குக்குப் பொதுவாக நூலகத்தைப் புதுப்பிக்கும் உரிமை கிடையாது. தள நிர்வாகி ஒருமுறை அதே கோப்பை ஏற்றினால் நூலகமும் சேர்ந்து ஏறிவிடும், அதன்பிறகு ஆசிரியரால் முடியும்.

எச்5பி தெரியாத நிறுவனத் தளங்களுக்கு ஸ்கார்ம் பொதி. இணையமே இல்லாத கணினி ஆய்வகத்துக்கு ஒற்றை எச்டிஎம்எல் கோப்பு. படம், ஒலி, வீடியோ அனைத்தும் அதற்குள்ளேயே அடங்கும் என்பதால் கோப்பு கனக்கும். வீடியோவை 480பி அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். இந்த வழியில் மதிப்பெண் எந்தத் தளத்துக்கும் போகாது.

வசன வரிக்கு இன்டராக்டிவ் வீடியோ வெப்விடிடி கோப்பை மட்டுமே ஏற்கும். பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் போன்ற கருவி எஸ்ஆர்டி கோப்பாகக் கொடுத்திருந்தால், முதல் வரியில் WEBVTT என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் சேர்த்து, நேரக் குறியில் நொடிக்குப் பின் வரும் காற்புள்ளியைப் புள்ளியாக மாற்றி, யுடிஎஃப்-8 முறையில் சேமியுங்கள். விஸ்பரின் தமிழை வரிவரியாகத் திருத்த வேண்டியிருக்கும், அதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

எச்5பி கோப்பு உண்மையில் ஒரு ஜிப் கோப்புதான். பெயரின் பின்னொட்டை மாற்றித் திறந்தால் உள்ளே கன்டென்ட் அடைவில் கன்டென்ட்.ஜேசன் இருக்கும், பாடத்தின் எழுத்து முழுவதும் அதில்தான். நூறு இடத்தில் ஒரே சொல்லை மாற்ற வேண்டுமென்றால் எடிட்டரில் ஒவ்வொன்றாகத் தேடுவதைவிட இங்கே மாற்றுவது விரைவு. திரும்பக் கட்டும்போது அடைவை வெளியிலிருந்து அப்படியே ஜிப் செய்யாதீர்கள். உள்ளே போய், எச்5பி.ஜேசன் முதல் நிலையிலேயே இருக்குமாறு எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துக் கட்டுங்கள்.